"ஆல்" படுத்தும் பாடு: நிபந்தனைக் கூற்றுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில், என் வீட்டு விறாந்தையில், மாலை வேளைகளில் உயர்தரக் கலைப் பிரிவு மாணவர்களுக்கு அளவையியல், அதாவது தருக்கம், சொல்லிக் கொடுக்கிறேன். நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கிருந்து வந்தாலும், நிபந்தனைக் கூற்றுப் பாடம் தொடங்கியதும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் கால் இடறுகிறது. ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள் திரும்பி வருவதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன். முதல் மூன்றையும் வரிசையாக வாசித்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கின்றன.

ரீச்சர், "ஆல்" என்று வருகிற எல்லாமே நிபந்தனைக் கூற்றா?

இல்லை. "கத்தியால் தேங்காயை உடைத்தான்" என்பதில் வரும் "ஆல்" கருவியைக் காட்டுகிறது. "மழை பெய்தால் வகுப்பு இல்லை" என்பதுதான் நிபந்தனைக் கூற்று. மழை பெய்கிறதா இல்லையா என்பதைப் பற்றி இதைச் சொல்பவர் வாய் திறக்கவே இல்லை. ஒன்று நேர்ந்தால் மற்றது நேரும் என்ற பிணைப்பை மட்டும் சொல்கிறார். "மழை பெய்தால்" என்ற பகுதியை முற்கூறு என்றும், "வகுப்பு இல்லை" என்ற பகுதியைப் பிற்கூறு என்றும் வைத்துக்கொள்வோம்.

இங்கே ஓர் எழுத்தைக் கூட்டிப் பாருங்கள்: "மழை பெய்ததால் வகுப்பு இல்லை." ஒரு "த" கூடியதும் வாக்கியத்தின் இயல்பே மாறிவிட்டது. மழை பெய்தது, வகுப்பு இல்லை, முதலாவது இரண்டாவதற்குக் காரணம் என்று மூன்று செய்திகளை இது உறுதியாகச் சொல்கிறது. வினாத்தாளில் "பெய்தால்" என்று இருப்பதை அவசரத்தில் "பெய்ததால்" என்று வாசித்து, கணக்கு முழுவதையும் தவறவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த "த"வை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வரிக்குப் போங்கள்.

அப்படிப்பட்ட ஒரு கூற்று எப்போது பொய்யாகும்?

"ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாவிட்டால் உங்களைப் புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன்" என்று மாமா சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விதமாக அந்த நாள் அமையலாம். மழை இல்லை, கூட்டிப் போனார்: சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழை பெய்தது, கூட்டிப் போகவில்லை: அவரிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது. மழை பெய்தது, நனைந்துகொண்டே கூட்டிப் போனார்: சொன்னதற்கு மேலேயே செய்தார், பொய் சொன்னதாக ஆகாது. மழை இல்லை, வெயில் எறிக்கிறது, நிலாவெளிக் கரையில் படகு நிற்கிறது, ஆனால் மாமா வரவில்லை: இப்போதுதான் அவர் சொன்னது பொய்.

முற்கூறு உண்மையாகவும் பிற்கூறு பொய்யாகவும் இருக்கும் அந்த ஒரே இடத்தில்தான் நிபந்தனைக் கூற்று பொய்யாகிறது. வேறு வழி கிடையாது. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வையுங்கள். ஒரு நிபந்தனைக் கூற்றைச் சந்தேகித்தால், "மழையும் இல்லை, மாமாவும் இல்லை" என்ற அந்த நாளைத் தேடிப் போக வேண்டும்.

முற்கூறு பொய்யானால் முழுக் கூற்றும் உண்மை என்கிறீர்கள். என் மனம் அதை ஏற்கவில்லை. "தெரியாது" என்று சொல்வதுதானே நியாயம்?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை பாடத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றே நான் நினைப்பேன். மாமாவின் உதாரணம் பாதி வழிதான் கூட்டிப் போகும். மீதிக்கு எண்களிடம் போக வேண்டும். "ஓர் எண் 4ஆல் வகுபட்டால் அது 2ஆலும் வகுபடும்." இது எல்லா எண்களுக்கும் பொருந்தும் உண்மை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இனி ஒவ்வோர் எண்ணாக வைத்துப் பாருங்கள். 8: முற்கூறு உண்மை, பிற்கூறும் உண்மை. 6: முற்கூறு பொய், பிற்கூறு உண்மை. 7: இரண்டுமே பொய். எல்லா எண்களுக்கும் உண்மை என்று ஒப்புக்கொண்ட ஒரு கூற்று 6க்கும் 7க்கும் மட்டும் உண்மையாகாமல் போக முடியுமா? முற்கூறும் பிற்கூறும் உண்மையாகவோ பொய்யாகவோ அமையும் நான்கு விதங்களையும் வரிசையாகக் காட்டும் பட்டியலை உண்மை அட்டவணை என்போம்; முற்கூறு பொய்யாகும் அதன் கடைசி இரண்டு வரிகளும் இப்படித்தான் நிரம்புகின்றன. முற்கூறு உண்மையாகவும் பிற்கூறு பொய்யாகவும் வரும்படி ஓர் எண்ணை எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த மனக்குறை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. கிரேக்கத்தில் மெகாரா மரபைச் சேர்ந்த பிலோ என்பவர் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நாம் மேலே சொன்ன விதியைச் சொன்னார். அவருடைய ஆசிரியர் தியோடோரஸ் குரோனஸ் அதை ஏற்கவில்லை. முற்கூறு உண்மையாகவும் பிற்கூறு பொய்யாகவும் இருக்கும் நிலை இன்று இல்லாதிருந்தால் போதாது, அது எப்போதுமே இயலாததாக இருக்க வேண்டும் என்றார். "பகல் என்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்ற கூற்று, பகலில் பேசிக்கொண்டிருப்பவர் சொல்லும்போது பிலோவுக்கு உண்மை. அந்த மனிதர் பகலில் எப்போதாவது வாயை மூடியிருக்கலாம் என்பதால் தியோடோரஸுக்குப் பொய். எந்த நிபந்தனை உண்மை என்று கூரைமேல் இருக்கும் காகங்கள்கூடக் கரைகின்றன என்று கல்லிமாக்கஸ் என்ற கவிஞர் பாடும் அளவுக்கு அந்த வாதம் ஊரெங்கும் பரவியிருந்தது. பரீட்சையில் நாம் பிலோவின் பக்கம் நிற்கிறோம். ஆனால் தியோடோரஸ் கேட்டதும் வீண் கேள்வி இல்லை. அடுத்த பதிலில் அவர் மறுபடியும் வருவார்.

அப்படியென்றால் "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்பதும் உண்மையா?

உண்மை அட்டவணைப்படி ஆம். அத்தைக்கு மீசை முளைக்கவில்லை, முற்கூறு பொய், கூற்று உண்மை. "அத்தைக்கு மீசை முளைத்தால் பாட்டி" என்றாலும் அட்டவணை தலையாட்டும். நம் முன்னோர் அந்தப் பழமொழியைச் சொன்னதே, நடக்காத ஒன்றின்மேல் எதைக் கட்டினாலும் பயனில்லை என்று காட்டுவதற்காகத்தான். அட்டவணை சொல்வதும் ஏறக்குறைய அதே செய்திதான்.

ஆனால் "முளைத்தால்" வேறு, "முளைத்திருந்தால்" வேறு. "2004இல் இந்து சமுத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை அமைப்பு இருந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்" என்று சொல்கிறோம். அன்று அப்படி ஓர் அமைப்பு இருக்கவில்லை, முற்கூறு பொய். அதனால் மட்டுமா இந்தக் கூற்றை நம்புகிறோம்? இல்லை. நிலநடுக்கத்துக்கும் அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையே ஒன்றரை மணி நேரம் வரை இருந்தது, ஓடி மேட்டில் ஏற அது போதும் என்பதால் நம்புகிறோம். "இருந்திருந்தால் யாரும் தப்பியிருக்க மாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் கோபம் வருகிறது. அட்டவணையோ இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். நடக்காததைக் கற்பனை செய்து பேசும் இந்த வகைக் கூற்றுகளுக்கு அட்டவணை போதாது. தியோடோரஸ் கேட்டதுபோல, நடந்ததோடு நில்லாமல் நடந்திருக்கக் கூடியதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உயர்தரப் பாடத்தில் இது வராது. ஆனாலும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

"புகை இருந்தால் நெருப்பு இருக்கும்" என்றால் "நெருப்பு இருந்தால் புகை இருக்கும்" என்பதும் அதுதானே?

இல்லை, அது வேறு கூற்று. அதைத் தனியே நிறுவ வேண்டும். நம் பழைய தருக்க நூலார் இதே உதாரணத்தைத்தான் எடுத்தார்கள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது சரியான அனுமானம் என்றார்கள். நெருப்பு இருப்பதால் புகை உண்டு என்பதை ஏற்க மறுத்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை எங்கே என்று கேட்டார்கள். பொய்யாகும் அந்த ஒரே இடத்தை எவ்வளவு அழகாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

வாதத்துக்குள் இந்தப் பிழை நுழையும்போது அதற்குப் பிற்கூற்றை விதிக்கும் போலி என்று பெயர் (விதித்தல் என்றால் உண்மை என்று ஏற்பது). "டெங்கு என்றால் காய்ச்சல் வரும், இவருக்குக் காய்ச்சல், ஆகவே டெங்குதான்." காய்ச்சல் வர ஆயிரம் காரணங்கள் உண்டு. சோதித்துப் பார்க்க இது நல்ல காரணம். ஆனால் முடிவுகட்ட இது போதாது.

முற்கூறு இல்லை என்றால் பிற்கூறும் இல்லை என்று எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. மேலே சொன்ன போலியின் உடன்பிறப்பு இது. முற்கூற்றை மறுக்கும் போலி. கடற்கரை மக்களாகிய நமக்கு இது வெறும் பாடமில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "கடல் திடீரென்று உள்வாங்கினால் சுனாமி வரும்" என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல எச்சரிக்கை அது. ஆனால் அதைக் கேட்டவர்களில் பலர், "கடல் உள்வாங்கவில்லை என்றால் சுனாமி வராது" என்பதையும் சேர்த்தே மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அதை யாரும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26, பூரணை ஞாயிறு. சுமாத்திராவின் மேற்கே கடற்படுகை அசைந்தபோது, அதன் ஒரு பக்கம் தாழ்ந்தது, மறுபக்கம் உயர்ந்தது. தாழ்ந்த பக்கத்தைப் பார்த்திருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. உயர்ந்த பக்கத்தைப் பார்த்திருந்த நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது நீர் ஏற்றம். கடல் பின்வாங்கியது அதற்குப் பிறகுதான். உள்வாங்குவதைக் கண்டபின் ஓடலாம் என்று காத்திருந்தவருக்கு இங்கே முதல் அடையாளமே அலைதான். ஆகவே பிள்ளைகளிடம் நான் சொல்வது: உள்வாங்கினால் ஓடுங்கள், நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும் ஓடுங்கள், எச்சரிக்கை ஒலித்தாலும் ஓடுங்கள். ஒரு பிற்கூற்றுக்குப் பல முற்கூறுகள் இருக்கலாம். அவற்றில் ஒன்று இல்லை என்பது மற்றவையும் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இதுவும் போலி, அதுவும் போலி என்றால், நிபந்தனையை வைத்து என்னதான் முடிவுக்கு வரலாம்?

இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முற்கூறு உண்மை என்று தெரிந்தால் பிற்கூற்றைப் பெறலாம். இது விதித்து விதித்தல். பிற்கூறு பொய் என்று தெரிந்தால் முற்கூறும் பொய் என்று பெறலாம். இது மறுத்து மறுத்தல். நெருப்பே இல்லை என்றால் புகையும் இல்லை. "நெருப்பில்லாமல் புகையாது" என்று நம் வீடுகளில் சொல்வது இந்த இரண்டாவது வழியின் தமிழ் வடிவம்தான்.

"ஆல்தான்" வந்தால் அம்புக்குறியை ஏன் திருப்பிப் போடுகிறீர்கள்?

நிபந்தனைக் கூற்றைக் குறியீட்டில் எழுதும்போது முற்கூற்றிலிருந்து பிற்கூற்றை நோக்கி ஓர் அம்புக்குறி போடுவோம். இப்போது இதைப் பாருங்கள்: "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்." இதைக் கேட்டதும் பிள்ளைகள் "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று குறியீட்டில் எழுதுகிறார்கள். சட்டி நிறையச் சொதி இருந்தும் யாரும் அகப்பையைப் போடாவிட்டால் அகப்பையில் ஒன்றும் வராது. பழமொழி அதனால் பொய்யாகிவிடுமா? ஆகாது. அகப்பையில் வந்திருக்கிறது, ஆனால் சட்டியில் இருக்கவே இல்லை என்று காட்டினால்தான் பழமொழி பொய்யாகும். முன்பு பார்த்த பொய்யாகும் இடத்தோடு ஒப்பிட்டால் முற்கூறு எது என்று தானாகத் தெரிந்துவிடும்: "அகப்பையில் வந்தால், சட்டியில் இருந்தது." அதனால்தான் அம்பு திரும்புகிறது.

"அடையாள அட்டை இருந்தால்தான் பரீட்சை மண்டபத்துக்குள் விடுவார்கள்" என்பதும் இதே வகை. அட்டை கட்டாயம் தேவை. அது மட்டும் போதும் என்று யாரும் வாக்குத் தரவில்லை. "இல்லாவிட்டால் விடமாட்டார்கள்", "இருந்தாலன்றி விடமாட்டார்கள்" என்று வந்தாலும் பொருள் ஒன்றுதான். "ஆலும்" என்பது வேறு: "மழை பெய்தாலும் வருவேன்" என்பவர் நிபந்தனை எதுவும் போடவில்லை, வருவேன் என்கிறார், அவ்வளவுதான். "ஆல், ஆல்தான், ஆலும்" என்று மூன்று விகுதிகளால் தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

நீங்கள் வாங்கின்மேல் வைத்த நான்கு அட்டைகளில் நாங்கள் எல்லோரும் ஏன் தவறினோம்?

வகுப்புக்கு வராதவர்களுக்காக: பழைய கல்யாண அழைப்பிதழை வெட்டி நான்கு அட்டைகள் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவன: அ, க, 4, 7. விதி: "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்." விதி பொய்யா என்று அறிய எந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? இதன் மூல வடிவத்தை 1966இல் இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் வேசன் வெளியிட்டார். தொடக்கச் சோதனைகளில் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

நம் வகுப்பில் பெரும்பாலான கைகள் "அ"வுக்கும் "4"க்கும் போயின. "அ" சரி. "4"இன் பின்னால் "க" இருந்தாலும் விதிக்கு ஒன்றும் நேராது. உயிரெழுத்துக்குப் பின்னால் என்ன என்றுதான் விதி பேசுகிறது. ஆனால் "7"இன் பின்னால் "ஆ" இருந்துவிட்டால் விதி அந்த இடத்திலேயே உடைந்துவிடும். ஆகவே "அ", "7" இரண்டும்தான் விடை. விதியில் பெயர் வந்த எண்ணை நோக்கியே கை போகிறது; விதியை உடைக்கக்கூடிய அட்டையை நோக்கிப் போவதில்லை.

இதே கணக்கை 1982இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இரு ஆய்வாளர்கள் "பியர் குடித்தால் வயது 19க்கு மேல் இருக்க வேண்டும்" என்ற விதியாக மாற்றிக் கேட்டார்கள். குடிப்பவரின் வயதையும், வயது குறைந்தவரின் கிண்ணத்தையும் பார்க்க வேண்டும் என்று ஏறக்குறைய நான்கில் மூவர் சரியாகச் சொன்னார்கள். விதியை யார் மீறுகிறார் என்று தேடும்போது நம் மனம் நன்றாக வேலை செய்கிறது. குறியீட்டுக் கணக்கு குழப்பினால் அதை ஒரு வீட்டு விதியாகவோ கடை விதியாகவோ மாற்றி எழுதிப் பாருங்கள்; என் மாணவர்களுக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

வாதம் வலிதாக இருந்தும் முடிவு பொய்யாக வருமா?

வரும். அது உயிரையும் எடுக்கும். "டெங்கு என்றால் காய்ச்சல் இருந்துகொண்டே இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆகவே இது டெங்கு இல்லை." வடிவத்தைப் பாருங்கள்: பிற்கூற்றை மறுத்து முற்கூற்றை மறுக்கிறது, மேலே சரி என்று சொன்ன மறுத்து மறுத்தலேதான். வாதம் வலிது, அதாவது ஆதாரமாக வைத்த கூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகவே வரும். பொய் இருப்பது முதல் வரியில். டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் பெரும்பாலும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிவது அப்போதுதான். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதி கொள்ளாமல் வைத்தியரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

வலிது என்பது வாதத்தின் வடிவத்துக்குத் தரும் சான்று. எடுகூற்றுகள், அதாவது ஆதாரமாக வைக்கும் கூற்றுகள், உண்மையா என்பதை அளவையியல் சொல்லாது. அதை வைத்தியரிடமும் கடலிடமும் கேட்க வேண்டும்.

"மழை பெய்தால் வகுப்பு இல்லை" என்பதை மறுத்து எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

"மழை பெய்யாவிட்டால் வகுப்பு உண்டு" என்று எழுதாதீர்கள். "மழை பெய்தது, ஆனாலும் வகுப்பு நடந்தது" என்று எழுதுங்கள். காரணம் இரண்டாவது கேள்வியின் பதிலில் இருக்கிறது. நிபந்தனைக் கூற்றின் மறுப்பு இன்னொரு நிபந்தனைக் கூற்று ஆகாது.

ஒரே முற்கூறு, ஒருவர் "அப்படியென்றால் இது நடக்கும்" என்கிறார், மற்றவர் "அப்படியென்றால் இது நடக்காது" என்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார்தானே?

அவசியமில்லை. இந்த வருடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்ட பிள்ளையின் வீட்டு உதாரணத்தையே எடுத்துக்கொண்டோம். அவளுடைய வாப்பா மூதூருக்குப் போயிருக்கிறார். தம்பி சொல்கிறான்: "வாப்பா கடைசிப் படகில் ஏறியிருந்தால் கையில் மீன் பை இருக்கும்." படகில் வருவதானால் துறைக்குப் பக்கத்துச் சந்தையில் மீன் வாங்காமல் அவர் ஏறமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். உம்மா சொல்கிறார்: "கடைசிப் படகில் ஏறியிருந்தால் கையில் மீன் பை இருக்காது." இன்று மீன் வாங்கினால் படகைத் தவறவிட்டுவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா படகில் ஏறியிருந்தால், அவர் கையில் மீன் பை இருந்தும் இல்லாமலும் இருக்க வேண்டும், அது இயலாது. ஆகவே அவர் ஏறவில்லை. முற்கூறு பொய். மூன்றாவது கேள்வியில் பார்த்தபடி, முற்கூறு பொய்யானால் இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருப்பதில் எந்த முரணும் இல்லை. அன்று மனதுக்கு ஒப்பாமல் இருந்த அந்த விதியைக் கொண்டுதான், இப்போது வாப்பா எங்கே இல்லை என்று கண்டுபிடித்தோம். தம்பியும் உம்மாவும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. துறையில் போய்க் காத்திருக்கவும் தேவையில்லை. அவர் கிண்ணியா வழியாக பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்.